டீசல் குளிரில் ஏன் கட்டிப்போகிறது, அடிட்டிவை எப்போது ஊற்ற வேண்டும்?

கடும் குளிர் நாளில் டீசல் வண்டி ஒன்று நம்மை ஏமாற்றும் விதம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். காலையில் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகிவிடும். ஐந்து, பத்து நிமிடம் ஒழுங்காக ஓடும். சாலைக்கு வந்து ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது இழுவை குறையும், வண்டி திணறும், கடைசியில் நின்றே போகும். பேட்டரியில் குறை இல்லை. டேங்கில் பாதிக்கு மேல் டீசல் இருக்கிறது. மறுபடி ஸ்டார்ட் செய்தால் செல்ஃப் மட்டும் சுற்றுகிறது. முதல் முறை இதைச் சந்திப்பவர்கள் பம்ப் போய்விட்டது, இன்ஜெக்டர் போய்விட்டது என்று பயந்துபோவார்கள். அப்படி எதுவும் நடந்திருக்காது. டீசலுக்குள் கரைந்திருந்த மெழுகு குளிரில் வெளியே வந்து ஃபில்டரை அடைத்திருக்கும்.

இதைத் தவிர்க்கத்தான் டீசல் அடிட்டிவ், அதாவது டீசலில் கொஞ்சமாகக் கலக்கும் மருந்து, விற்கிறார்கள். பலர் அதை வாங்கி வண்டியிலேயே வைத்திருக்கிறார்கள். டீசல் கட்டிப்போன பிறகு எடுத்து டேங்கில் ஊற்றுகிறார்கள். பலன் இல்லை என்றதும் பாட்டிலைக் குறை சொல்கிறார்கள். அந்த மருந்து அப்போது வேலை செய்யவே செய்யாது. முந்தின நாளே ஊற்றியிருந்தால் செய்திருக்கும். ஒரே பாட்டில், ஒரே டீசல், ஒரே குளிர். ஊற்றிய நேரம் மட்டும் வேறு. இது ஏன் என்று புரிந்துவிட்டால் மற்ற எல்லாமே எளிதாகப் புரியும். அதற்கு டீசலுக்குள் மெழுகு எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம்.

மெழுகு டீசலின் ஒரு பகுதி

டீசல் ஒரே ஒரு பொருள் கிடையாது. நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்கள் கலந்த கலவை அது. அவற்றில் பெரும்பாலானவற்றில் 10 முதல் 22 வரை கார்பன் அணுக்கள் இருக்கும். சிலவற்றில் அணுக்கள் வளையமாக இணைந்திருக்கும், சிலவற்றில் கிளை விட்ட சங்கிலியாக. இன்னும் சிலவற்றில் கிளையே இல்லாமல் நேர்க்கோடாக நீண்டிருக்கும். இந்த நேர்ச்சங்கிலி வகைக்குப் பெயர் பாரஃபின். மெழுகுவத்தி செய்யும் மெழுகும் இதே குடும்பம்தான். அதில் சங்கிலி இன்னும் நீளம், அதனால் சாதாரண வெயிலில்கூடத் திடமாக இருக்கிறது.

அப்படியானால் இந்தப் பாரஃபினை எல்லாம் சுத்திகரிப்பு ஆலையிலேயே எடுத்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் சிக்கல். டீசலின் தரத்தைச் சொல்லும்போது சீட்டேன் எண் என்று ஒன்றைச் சொல்வார்கள். எரிபொருள் உள்ளே தெளிக்கப்பட்டதும் எவ்வளவு விரைவாகத் தானாகப் பற்றிக்கொள்கிறது என்பதன் அளவு அது. அந்த அளவுகோலில் 100 என்ற இடத்தில் வைக்கப்பட்டிருக்கும் பொருளே சீட்டேன். 16 கார்பன் அணுக்கள் கொண்ட நேர்ச்சங்கிலிப் பாரஃபின். அது தனியாக இருந்தால் 18 டிகிரி செல்சியஸிலேயே உறைந்துவிடும். 20 கார்பன் கொண்ட அதன் உறவு, ஏறக்குறைய நம் உடல் சூட்டில்தான் உருகும். அதாவது டீசலில் எது நன்றாக எரிகிறதோ, அதுதான் முதலில் உறைகிறது. ஆலை அதை மொத்தமாக நீக்கினால் குளிரைத் தாங்கும் டீசல் கிடைக்கும், ஆனால் சுறுசுறுப்பாகப் பற்றும் குணம் குறைந்துபோகும். நேர்ச்சங்கிலியைக் கிளைச்சங்கிலியாக மாற்றும் முறைகளும் ஆலைகளில் உண்டு. செலவு கூடுதல் என்பதால் எவ்வளவு குளிருக்குத் தேவையோ அவ்வளவுதான் செய்வார்கள்.

18 டிகிரியில் உறையும் பொருள் உள்ளே இருந்தும் டீசல் ஏன் அந்தச் சூட்டில் உறைவதில்லை? கரைந்திருப்பதால்தான். சூடான தண்ணீரில் நிறைய சர்க்கரையைக் கரைத்து ஆறவிட்டால், ஒரு கட்டத்துக்கு மேல் தண்ணீரால் அவ்வளவையும் தாங்க முடியாமல் சர்க்கரை படிகமாக வெளியே வரும். டீசலிலும் அதுதான் நடக்கிறது. மற்ற ஹைட்ரோகார்பன்கள் கரைப்பானாக இருந்து பாரஃபினைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன. குளிரக் குளிர அந்தப் பிடி தளர்கிறது. நீளமான சங்கிலிகள் முதலில் வெளியே வருகின்றன, பிறகு சற்றுக் குட்டையானவை.

இங்கே நம்பக் கடினமான ஒரு விஷயம் இருக்கிறது. டேங்க் முழுக்கக் கூழாகிப்போக, டீசலில் பாதி மெழுகாக மாற வேண்டியதில்லை. நூற்றில் ஒன்றிரண்டு பங்கு வெளியே வந்தாலே போதும். அந்தப் படிகங்கள் அகலமான, மெல்லிய தகடுகள். ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, சீட்டுக்கட்டில் கட்டிய வீடு போல ஒரு கூடாக நிற்கும். மீதி 98 பங்கு டீசல் திரவமாகவே இருந்தாலும் அந்தக் கூட்டுக்குள் சிறைப்பட்டு நகர முடியாமல் போகிறது. டீசல் ஜெல் ஆகிவிட்டது என்று சொல்வது இதைத்தான்.

எந்தக் குளிர் ஆபத்தானது?

இதற்கு ஒரு எண் இல்லை, மூன்று எண்கள் இருக்கின்றன. அடிட்டிவ் பாட்டிலிலும் டீசல் விவரத்தாளிலும் இவைதான் வரும் என்பதால் பெயர்களைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

முதலாவது கிளவுட் பாயின்ட். தெளிவாக இருந்த டீசல் முதன்முதலாக மங்கலாகத் தெரியும் வெப்பநிலை. கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மெழுகுப் படிகங்கள் பிறந்துவிட்டன என்று அர்த்தம். வண்டி இன்னும் ஓடும்.

இரண்டாவது, குளிர் ஃபில்டர் அடைப்புப் புள்ளி. ஆங்கில எழுத்துகளால் சி.எஃப்.பி.பி. என்று சுருக்கிச் சொல்வார்கள். நடைமுறையில் நமக்கு அதிகம் உதவும் எண் இதுதான். சோதனை மிக நேரடியானது. டீசலைக் குளிர்வித்துக்கொண்டே வந்து, ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் 45 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) கண் கொண்ட ஒரு கம்பிவலை வழியாக அதை மெல்ல உறிஞ்சிப் பார்ப்பார்கள். 20 மில்லிலிட்டர் டீசல் 60 விநாடிக்குள் வலையைத் தாண்டி வந்துவிட்டால் தேறியது. எந்த டிகிரியில் முதன்முதலாக வர முடியாமல் நிற்கிறதோ, அதுதான் அந்த டீசலின் எண்.

மூன்றாவது போர் பாயின்ட். பாத்திரத்தைச் சாய்த்தாலும் டீசல் அசையாத நிலைக்குச் சற்று மேலே உள்ள வெப்பநிலை. பாட்டிலில் இந்த எண்ணைப் பெரிதாக அச்சிட்டிருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. டீசல் டேங்குக்குள் ஊற்றும் நிலையில் இருப்பது நமக்குப் போதாது. அது ஃபில்டரைத் தாண்ட வேண்டும். ஃபில்டர் அடைபடுவது போர் பாயின்டுக்கு வெகு முன்பாகவே நடந்துவிடும். எனவே ‘மைனஸ் 40 வரை’ என்று எங்காவது பார்த்தால், அது எந்தப் புள்ளியைச் சொல்கிறது என்று சின்ன எழுத்தில் தேடிப் படியுங்கள்.

குளிர் நாடுகளில் பெட்ரோல் பங்க்குகளில் விற்கும் டீசல், பருவத்துக்கு ஏற்ப மாறுகிறது. ஐரோப்பியத் தரமான இ.என். 590-இல் மிதமான குளிர்ப் பகுதிகளுக்கு மட்டும் ஆறு வகைகள் உண்டு. அவற்றின் ஃபில்டர் அடைப்புப் புள்ளி +5 முதல் மைனஸ் 20 டிகிரி வரை ஐந்தைந்தாக இறங்குகிறது. துருவக் குளிருக்கான வகைகள் தனியாக, மைனஸ் 20 முதல் மைனஸ் 44 வரை. அந்தத் துருவ வகைகளில் கிளவுட் பாயின்டுக்கும் உச்ச வரம்பு விதித்திருக்கிறார்கள்: மைனஸ் 10 முதல் மைனஸ் 34 வரை. இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வகையிலும் இடைவெளி சரியாக 10 டிகிரி. மெழுகு பிறந்த பிறகும் இன்னொரு 10 டிகிரிக்கு அந்த டீசல் ஃபில்டரைத் தாண்டி ஓட வேண்டும் என்று தரமே எதிர்பார்க்கிறது. மெழுகு பிறந்தும் ஃபில்டர் அடைபடாமல் இருக்கிற அந்த இடைவெளியை உண்டாக்குவதில் அடிட்டிவுக்குப் பெரிய பங்கு உண்டு.

அடிட்டிவ் உள்ளே போய் என்ன செய்கிறது

அடிட்டிவ் மெழுகைக் கரைக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கரைப்பதில்லை. மெழுகு உருவாவதைத் தடுப்பதும் இல்லை. கிளவுட் பாயின்ட் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும், அல்லது ஓரிரு டிகிரி நகரும். டீசல் எப்போதும் போல மங்கலாகும். அடிட்டிவ் மாற்றுவது பிறக்கும் படிகத்தின் அளவையும் வடிவத்தையும்தான்.

இந்த வேலைக்கு அதிகம் பயன்படுவது எத்திலீன்-வினைல் அசிட்டேட் என்ற பாலிமர் வகை. நீண்ட மூலக்கூறு. அதன் சில பகுதிகள் பாரஃபின் சங்கிலி போலவே இருக்கும், சில பகுதிகள் வேறுமாதிரி. டீசல் குளிரும்போது பாரஃபின் மூலக்கூறுகள் வரிசையாக வந்து அடுக்கத் தொடங்கும். அந்த வரிசைக்குள், தன்னைப் போன்ற ஒன்று என்று நம்பவைத்து, இந்தப் பாலிமரும் நுழைந்து உட்காரும். அதன் பாரஃபின் போன்ற பகுதி படிகத்தில் கச்சிதமாகப் பொருந்திவிடும். பொருந்தாத பகுதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அடுத்து வரும் பாரஃபின் அங்கே உட்கார இடமில்லாமல் வேறிடம் தேடிப் போகும். இப்படி ஒவ்வொரு படிகமும் வளரும் முன்பே தடைபடுகிறது. அதோடு, படிகம் தொடங்குவதற்கான மையங்களையும் இந்த மூலக்கூறுகள் ஏராளமாக உண்டாக்குகின்றன. சில பெரிய தகடுகளாக வந்திருக்க வேண்டிய அதே மெழுகு, கோடிக்கணக்கான குட்டிப் படிகங்களாகப் பிரிந்துவிடுகிறது.

மழை பெய்யும்போது வடிகால் வாயைப் பார்த்திருப்பீர்கள். நாலைந்து பெரிய இலைகள் வந்து ஒட்டிக்கொண்டால் தண்ணீர் தேங்கி நின்றுவிடும். அதே இடத்தில் அதே எடை மணல் குவிந்தால் தண்ணீர் மணலுக்கு நடுவே கசிந்து போய்க்கொண்டே இருக்கும். ஃபில்டரிலும் நடப்பது இதுதான். இன்றைய டீசல் ஃபில்டர்களின் கண்கள் சில மைக்ரான் அளவுக்கு நுண்ணியவை. அடிட்டிவ் சேர்த்த டீசலின் குட்டிப் படிகங்கள்கூட அவற்றில் நுழைய முடியாது. அவை ஃபில்டரின் மேல் ஒரு படலமாகப் படியும். ஆனால் மணல் போலப் படிவதால் டீசல் அதன் வழியே ஊடுருவிப் போகிறது. அதற்குள் இன்ஜின் சூடாகிவிடும். இன்ஜினில் எரியாமல் மிஞ்சிய டீசல் சூடேறித் திரும்பி வரும்; பல வண்டிகளில் அது ஃபில்டர் பக்கமாகவே திருப்பிவிடப்படுகிறது. படிந்த மெழுகு உருகிக் கரைந்துவிடும். ஓட்டுநருக்கு எதுவுமே தெரியாது.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன நேரக் கணக்குக்கு வருவோம். படிகம் பிறக்கும் தருணத்தில் இந்த மூலக்கூறு கூடவே இருந்தாக வேண்டும். தகடுகள் ஏற்கனவே வளர்ந்து பின்னிக்கொண்ட பிறகு ஊற்றினால், அது உட்கார்ந்து தடுக்க வேண்டிய வளர்ச்சி முடிந்துபோயிருக்கும். கட்டிப்போன டீசலில் அது கலக்கவும் கலக்காது, மேலேயே மிதந்துகொண்டிருக்கும். எனவே டீசல் இன்னும் தெளிவாக, கிளவுட் பாயின்டைவிட ஐந்தாறு டிகிரியாவது சூடாக இருக்கும்போதே ஊற்ற வேண்டும். கவனியுங்கள், இது டீசலின் சூடு. காற்றின் சூடு அல்ல. இரவெல்லாம் வெளியே நின்ற வண்டியின் டீசல், பகல் வெயில் வந்த பிறகும் சில மணி நேரம் குளிர்ந்தே இருக்கும்.

சிறந்த இடம் பெட்ரோல் பங்க்தான். முதலில் அடிட்டிவ், அதன் மேல் டீசல் என்ற வரிசையில் போனால் டீசல் பாய்கிற வேகத்திலேயே நன்றாகக் கலந்துவிடும். தரைக்கு அடியில் உள்ள தொட்டியிலிருந்து வரும் டீசல் வெளிக்காற்றைவிடச் சூடாக இருப்பதும் ஒரு அனுகூலம். நிரப்பிய கையோடு வண்டியை நிறுத்திவிடாதீர்கள். கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். குழாயிலும் ஃபில்டரிலும் பழைய டீசல்தான் இருக்கிறது. நாளைக் காலையில் முதலில் அடைபடப்போவது அந்த இடம். மருந்து அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

எவ்வளவு ஊற்றுவது என்பதைப் பாட்டில் சொல்லும், அதை அப்படியே கேளுங்கள். 1:500 என்று இருந்தால் 60 லிட்டர் டீசலுக்கு 120 மில்லி. 1:1000 என்றால் 60 மில்லி. சில பாட்டில்களில் இரண்டு அளவுகள் இருக்கும்: சாதாரணக் குளிருக்கு ஒன்று, கடும் குளிருக்கு ஒன்று. அதற்கு மேலும் ஊற்றுவதால் பலன் கூடுவதில்லை. சில டீசல்களில் அளவு மீறினால் ஃபில்டர் அடைப்புப் புள்ளி திரும்ப மேலே ஏறிவிடுவதும் உண்டு. அப்புறம், பாட்டிலை வீட்டுக்குள் வையுங்கள். உறைபனியில் கிடந்தால் அடிட்டிவே கெட்டியாகி, டீசலில் சரியாகப் பரவாமல் போகும்.

ஒரே அடிட்டிவ் எல்லா டீசலிலும் ஒரே அளவு பலன் தராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எந்தக் கச்சா எண்ணெயிலிருந்து வந்தது, எந்த நீளச் சங்கிலிகள் எவ்வளவு இருக்கின்றன என்பதைப் பொறுத்து ஒரு டீசலில் ஃபில்டர் அடைப்புப் புள்ளி 10 டிகிரிக்கு மேல் இறங்கும், இன்னொன்றில் மூன்று நான்கோடு நின்றுவிடும். பாட்டிலில் உள்ள எண் உறுதிமொழி கிடையாது, சாதகமான டீசலில் கிடைத்த அளவு.

எல்லோருக்கும் தேவையா?

என் கருத்தில், தேவையில்லை. குளிர்ப் பகுதியில், குளிர்காலத்தில், ஆள் நடமாட்டமுள்ள பங்கில் நிரப்பும் டீசலில் ஆலையிலோ கிடங்கிலோ ஏற்கனவே வேண்டியதைச் சேர்த்திருப்பார்கள். தினமும் ஓடும் வண்டி, வாரம் ஒருமுறை நிரப்பும் டேங்க் என்றால் பாட்டில் வாங்கும் காசு மிச்சம்.

சிக்கலில் மாட்டுபவர்கள் பெரும்பாலும் வேறு நிலையில் இருப்பவர்கள். கோடையில் நிரப்பிய டீசலோடு மாதக்கணக்கில் நிற்கும் டிராக்டர், அவசரத்துக்கு என்று வைத்திருக்கும் ஜெனரேட்டர், அபூர்வமாக எடுக்கும் இரண்டாவது வண்டி. சமவெளியில் டேங்கை நிரப்பிக்கொண்டு இரவில் மலை ஏறும் லாரி. பருவம் மாறும் முதல் வாரத்தில், பங்கில் இன்னும் பழைய சரக்கு இருக்கும்போது திடீரென்று குளிர் இறங்கும் நாள். இந்த நிலைகளில் அடிட்டிவ் மிகவும் நல்ல காப்பு. ஜெனரேட்டர் விஷயத்தில் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். மின்சாரம் போகும் பனிப்புயல் இரவில்தான் அதற்கு வேலை வரும். அன்றைக்குத்தான் அதன் டீசலும் கட்டிப்போயிருக்கும். இலையுதிர்காலத்திலேயே அதன் டேங்கில் அடிட்டிவ் சேர்த்து, பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துவைக்க வேண்டும்.

ஒரு சின்ன சந்தேகத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று டீசலைக் காற்றின் வெப்பநிலைக்கும் கீழே கொண்டுபோகுமா? போகாது. காற்று மைனஸ் 12 என்றால் டீசலும் மைனஸ் 12-ஐத் தாண்டிக் குளிராது. ஆனால் அந்த அளவைச் சீக்கிரமே எட்டிவிடும். அடியில் திறந்தபடி ஓடும் குழாய்களும் அவற்றின் வளைவுகளும் ஓட்டத்தின் நடுவே அடைபடுவது இதனால்தான்.

தண்ணீர் வேறு எதிரி

குளிரில் நின்றுபோகும் எல்லா டீசல் வண்டியும் மெழுகால் நிற்பதில்லை. டேங்கில் எப்போதும் கொஞ்சம் ஈரம் சேரும். பாதி காலியான டேங்கின் உள்சுவரில் காற்றின் ஈரம் வியர்த்து, துளியாகி, கீழே போய்த் தங்கும். அது பூஜ்ஜியம் டிகிரியிலேயே பனிக்கட்டியாகி ஃபில்டரை அடைக்கும். நல்ல குளிர்கால டீசல் நிரப்பிய வண்டி லேசான உறைபனியிலேயே நின்றால் முதல் சந்தேகம் தண்ணீர் மேல்தான் விழ வேண்டும்.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. ஃபில்டரைக் கழற்றிச் சூடான அறைக்குள், நெருப்புக்கு அருகில் இல்லாமல் வைத்துவிடுங்கள். உள்ளே இருப்பதை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். மங்கல் மறைந்து தெளிவான டீசல் மட்டும் மிஞ்சினால் மெழுகு. அடியில் உருண்டை உருண்டையாகத் தனித் திரவம் தங்கினால் தண்ணீர். மெழுகுக்கான அடிட்டிவ் தண்ணீரை ஒன்றும் செய்யாது. ஃபில்டருக்குக் கீழே உள்ள வடிகால் திருகைத் திறந்து தண்ணீரை அவ்வப்போது வெளியேற்றுவதும் டேங்கை நிரப்பியே வைத்திருப்பதும்தான் சரியான மருத்துவம்.

பனி உறையாமல் தடுக்கும் டீஐஸர் பாட்டில்களும் கிடைக்கின்றன. அவற்றில் ஆல்கஹால் கலந்தவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். உயர் அழுத்தப் பம்ப் டீசலின் வழுவழுப்பை நம்பித்தான் உயிர் வாழ்கிறது. ஆல்கஹால் அந்த வழுவழுப்பைக் குறைக்கிறது, டீசலைச் சுலபமாகத் தீப்பற்றவும் வைக்கிறது.

மண்ணெண்ணெய், பெட்ரோல், பயோடீசல்

மண்ணெண்ணெய் கலப்பது பழைய வழி, வேலையும் செய்யும். அதில் நீளச் சங்கிலிகள் குறைவு, அதனால் மெழுகை நன்றாகக் கரைத்து வைத்திருக்கும். பத்து சதவீதம் கலந்தால் கிளவுட் பாயின்ட் தோராயமாக ஒன்றரை, இரண்டு டிகிரி இறங்கும். அடிட்டிவால் அசைக்க முடியாத கிளவுட் பாயின்டை இது உண்மையிலேயே இறக்குகிறது என்பது பெரிய விஷயம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள், பத்து டிகிரி இறக்க டேங்கில் பாதிக்கு மேல் மண்ணெண்ணெய் வேண்டும். அதில் வழுவழுப்பும் குறைவு, லிட்டருக்குக் கிடைக்கும் சக்தியும் குறைவு. பல நாடுகளில் வரி காரணமாகச் சாலை வண்டியில் இதைக் கலப்பது சட்டப்படி குற்றம். வண்டித் தயாரிப்பாளர் அனுமதிக்கிறாரா, சட்டம் அனுமதிக்கிறதா என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாமல் இதில் இறங்க வேண்டாம்.

பெட்ரோல் கலப்பதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன்: செய்யாதீர்கள். பழைய இன்ஜின்களின் கையேடுகளில் அதற்கு இடம் இருந்தது உண்மை. இன்றைய காமன் ரெயில் இன்ஜினில் டீசல் 2000 பார் அழுத்தத்தையும் தாண்டுகிறது. அந்த அழுத்தத்தில் பம்புக்கு எண்ணெய்ப் பசை போதவில்லை என்றால் உலோகம் உலோகத்தை அரைக்கும். டேங்கில் தீப்பற்றும் ஆபத்து வேறு.

பயோடீசல் கலந்த எரிபொருள் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். எந்த எண்ணெயிலிருந்து செய்தது என்பதைப் பொறுத்துக் கிளவுட் பாயின்ட் பெரிதும் மாறும். பாமாயிலில் செய்த சுத்தமான பயோடீசல் 13 டிகிரிக்கு மேலேயே மங்கத் தொடங்கிவிடும். சோயாவில் செய்தது பூஜ்ஜியத்தை ஒட்டி. கடுகினத்தைச் சேர்ந்த ரேப்சீடில் செய்தது அதற்கும் சில டிகிரி கீழே. இவற்றில் பிரிவது பாரஃபின் இல்லை, கொழுப்பமில எஸ்டர்கள். பாரஃபினுக்காக வடிவமைத்த அடிட்டிவ் இவற்றின் மீது அதே பலத்துடன் வேலை செய்யாமல் போகலாம். பாட்டிலில் பயோடீசல் கலவைக்கும் ஏற்றது என்று தெளிவாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

கட்டிப்போய்விட்டால்

முதலில் செல்ஃபை விடாமல் சுற்றுவதை நிறுத்துங்கள். டீசல் வராத பம்ப் வறண்டு ஓடித் தேயும், பேட்டரியும் தீரும். தீப்பந்தம், எரிவாயு விளக்கு என்று எந்த நெருப்பையும் டேங்குக்கோ குழாய்க்கோ அருகில் கொண்டுபோகாதீர்கள். இதை எழுதும்போதே எனக்குக் கவலையாக இருக்கிறது, ஏனென்றால் அவசரத்தில் நல்ல மனிதர்களும் இதைச் செய்துவிடுகிறார்கள்.

மிகப் பாதுகாப்பான வழி வண்டியைச் சூடான கொட்டகைக்குள் இழுத்துப் போய்ச் சில மணி நேரம் விட்டுவிடுவது. சூடு ஏறியதும் மெழுகு தானாகவே மறுபடி கரைந்துவிடும், டீசல் கெட்டுப்போவதில்லை. அதற்கு வழியில்லை என்றால் ‘அவசரகாலத்துக்கு’, ‘கட்டிய டீசலைக் கரைக்க’ என்று குறிப்பிட்டு விற்கும் வேறு வகைப் பாட்டில் இருக்கிறது. அது வடிவத்தை மாற்றும் பாலிமரை நம்பி இருப்பதில்லை. மெழுகைக் கரைக்கும் கரைப்பான் அதில் நிறைய இருக்கும். அதை டேங்கிலும், ஃபில்டரை மாற்றும்போது புது ஃபில்டரிலும் உபயோகிக்கும் முறை பாட்டிலில் இருக்கும். தடுக்கும் பாட்டில் வேறு, மீட்கும் பாட்டில் வேறு. இரண்டும் ஒரே அலமாரியில், ஒரே மாதிரி அட்டையில் நிற்பதால்தான் இத்தனை குழப்பம். குளிர்ப் பாதையில் போகும் லாரி ஓட்டுநர்கள் கூடுதலாக ஒரு புது ஃபில்டரும் அதைக் கழற்றும் சாவியும் வண்டியில் வைத்திருப்பார்கள். அது நல்ல பழக்கம்.

பிளாக் ஹீட்டர் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அது இன்ஜினையும் அதன் கூலன்ட்டையும்தான் சூடாக்குகிறது. டேங்கும் குழாயும் ஃபில்டரும் குளிரிலேயே இருக்கும். ஃபில்டருக்கென்றே தனி ஹீட்டர் உள்ள வண்டிகள் உண்டு, அவை கொடுத்துவைத்தவை. இன்னொரு எச்சரிக்கை: புதிய வண்டிகளில் புகையைச் சுத்தப்படுத்தும் யூரியாத் திரவம் தனி டேங்கில் இருக்கும். அது மைனஸ் 11 டிகிரியில் உறையும். அதற்கான ஹீட்டரை வண்டியிலேயே வைத்திருக்கிறார்கள். டீசல் அடிட்டிவை மறந்தும் அந்த டேங்கில் ஊற்றிவிடக் கூடாது.

இத்தனையையும் கண்ணால் பார்க்க விரும்பினால், குளிர் தொடங்கும் முன் ஒரு சிறு சோதனை செய்யலாம். நீங்கள் வழக்கமாக நிரப்பும் டீசலை இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மட்டும் பாட்டில் சொல்லும் விகிதத்தில் அடிட்டிவ் கலந்து, இரண்டையும் இறுக மூடிப் பெயர் எழுதுங்கள். கடும் குளிர் வரும் என்று சொல்லும் இரவில் நெருப்பும் குழந்தைகளும் அண்டாத இடத்தில் வெளியே வையுங்கள். காலையில் இரண்டுமே மங்கலாக இருக்கலாம். அதைப் பார்த்து அடிட்டிவ் வீண் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். புட்டிகளைச் சாய்த்துப் பாருங்கள். குளிர் போதுமான அளவு இறங்கியிருந்தால் கலக்காத டீசல் சாய்ந்த புட்டியில் சாயாமல் நிற்கும். பக்கத்துப் புட்டியில் உள்ள டீசல் பால் போல வெளுத்திருந்தாலும் சாய்த்த பக்கம் வழிந்து ஓடும்.